பாவோஃபெங் யூவி-5ஆர்: ரிப்பீட்டரில் அடக்கமாக நடந்துகொள்ளுமா?

2012 முதல் விற்பனையில் இருக்கும் இந்த இரட்டை அலைக் கைக்கருவிக்கு அறிமுகம் தேவையில்லை. புதிதாக ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் வாங்கியவர்களில் பலர் கையில் முதலில் ஏறுவது இதுதான். டார்ச், எஃப்எம் ரேடியோ, அலாரம் என்று இதில் என்னென்ன இருக்கிறது எனப் பட்டியலிடும் விமர்சனங்களுக்குப் பஞ்சமில்லை. இங்கே பார்ப்பது ஒன்றை மட்டும்தான்: பலர் பகிர்ந்து பயன்படுத்தும் ரிப்பீட்டரில் இதை வைத்துப் பேசினால், மற்றவர்கள் முகம் சுளிக்காமல் கேட்பார்களா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பெட்டியிலிருந்து எடுத்த கையோடு பிடிடியை (பேசுவதற்கு அமுக்கும் பொத்தான்) அமுக்கினால் இது ஒரு தொல்லை. ஒரு மாலை நேரம் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு மெனுக்களைச் சரிசெய்தால், விலைக்கு மீறிய நல்ல விருந்தாளி. கருவியில் உள்ள குறைகளைவிட, அதில் தவறாக விடப்பட்ட அமைப்புகள்தான் ரிப்பீட்டரில் அதிகக் கெட்ட பெயர் வாங்கித் தருகின்றன.

ரிப்பீட்டர் ஓர் அதிர்வெண்ணில் கேட்கும், அதே நொடியில் இன்னொன்றில் திருப்பி ஒலிபரப்பும். 2 மீட்டர் அலைவரிசையில் (144 மெகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்குவது) இந்த இடைவெளி வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ். உதாரணமாக 145.625 மெகாஹெர்ட்ஸில் ரிப்பீட்டர் பேசினால், நீங்கள் பேசவேண்டியது 145.025-இல். கூடவே 88.5 ஹெர்ட்ஸ் போல ஒரு சப்-டோனும் (பேச்சோடு சேர்ந்து போகும் தாழ்ந்த அடையாள ஒலி) போகவேண்டும். அது இல்லாவிட்டால் ரிப்பீட்டர் உங்களைக் கண்டுகொள்ளாது. இந்த மூன்றையும் ஒரு சேனலில் ஏற்றுவதில்தான் யூவி-5ஆர் முதலில் சோதிக்கும்.

விசைப்பலகையில் ஏற்றும் முறை இப்படி. விஎஃப்ஓ/எம்ஆர் பொத்தானை அமுக்கி அதிர்வெண் முறைக்கு வாருங்கள். ஏ/பி பொத்தானால் மேல்வரிக்குப் போங்கள். கீழ்வரியிலிருந்து ஏற்றினால் ஏறாது. மெனு 7-இல் டிடிஆரை (இரண்டு வரியையும் மாறி மாறிக் கேட்கும் வசதி) அணையுங்கள். ஏற்றப்போகும் சேனலில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் மெனு 28-இல் அழித்துவிடுங்கள். பிறகு மெனு 10, 11, 12 மூன்றும் ஆஃப், மெனு 13-இல் 88.5, மெனு 25-இல் ஷிஃப்ட் (இடைவெளியைத் தானாகக் கூட்டும் அல்லது கழிக்கும் வசதி) ஆஃப். இப்போது 145625 என்று தட்டி, மெனு 27-இல் 001 சேனலைத் தேர்ந்து உறுதிசெய்யுங்கள். கேட்கும் பாதி ஏறிவிட்டது. வெளியே வந்து 145025 தட்டி, மறுபடி மெனு 27, அதே 001, உறுதி. பேசும் பாதியும் ஏறிவிட்டது. இரண்டாவது தடவையை மறந்தவர்கள்தான் ரிப்பீட்டரின் வெளியீட்டு அதிர்வெண்ணிலேயே பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களை ரிப்பீட்டர் கேட்காது, பக்கத்தில் இருப்பவர்களுக்கோ ரிப்பீட்டரின் மேலேயே ஏறிப் பேசும் இடைஞ்சலாகத்தான் விழும்.

சேனல் முறையில் இருந்துகொண்டு மெனு 13-இல் டோனை மாற்றினால் அது நிலைக்காது. மாற்றுவதாக இருந்தால் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றவேண்டும். எரிச்சலான ஏற்பாடுதான். ஐந்தாறு சேனலுக்கு மேல் ஏற்றுவதென்றால் கேபிள் வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் சிர்ப் மென்பொருளில் செய்வதே நல்லது. கேபிளில் இரண்டு விஷயம் தகராறு செய்யும். யூஎஸ்பி முனைக்குள் போலி சிப் இருந்தால் கணினியின் டிரைவர் அதை ஏற்க மறுக்கும். இரட்டை முள் பிளக் கருவியின் உடலில் கடைசிவரை போகாமல் நின்றால் "கருவி பதில் சொல்லவில்லை" என்று பிழை வரும். இரண்டாவதற்கு மருந்து, கொஞ்சம் அழுத்தித் தள்ளுவது.

ஏற்றியதும் சரிபார்க்க ஒரு எளிய வழி: பிடிடியை அமுக்கும்போது திரையில் எண் 145.025-ஆக மாறுகிறதா என்று பாருங்கள். இங்கேதான் முதல் நாகரிகம் வருகிறது. அமுக்கிவிட்டு ஒன்றும் சொல்லாமல் விட்டால் ரிப்பீட்டர் விழித்துக்கொள்ளும், வாலை ஆட்டும் (பேச்சு நின்றபின்னும் சில நொடி ஒலிபரப்பில் நிற்கும்), ஓயும். கேட்டுக்கொண்டிருக்கும் அத்தனை பேர் வீட்டிலும் "க்ளக்" என்று ஒரு சத்தம். ஹாம்கள் இதைக் கெர்சங்க் என்பார்கள். அடையாளம் சொல்லாத ஒலிபரப்பு என்பதால் இது விதிமீறலும்கூட. கால்சைனை (உரிமத்தோடு தரப்படும் அடையாளப் பெயர்) சொல்லி "டெஸ்ட்" என்று முடித்தால் போதும். அதற்கு மூன்று நொடி ஆகாது. ரிப்பீட்டர் தானாக மோர்ஸில் தட்டுவது அதன் சொந்தக் கால்சைன், உங்களுடையதற்கு அது ஈடாகாது.

இன்னொரு அபாயத்தையும் இங்கேயே சொல்லவேண்டும். 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கே வேண்டுமானாலும் ஒலிபரப்ப இந்தக் கருவியின் பல பதிப்புகள் தயாராக இருக்கின்றன, தடுக்காது, எச்சரிக்காது. மேலே சொன்ன உதாரணத்தில் 600 கிலோஹெர்ட்ஸைக் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டால் 146.225-இல் போய் நிற்பீர்கள். 144 முதல் 146 வரை மட்டுமே ஹாம்களுக்கு ஒதுக்கியுள்ள நாடுகளில் அது வேறு யாருடைய இடமோ. ஹாம்களுக்கென்றே செய்த கருவிகளில் இருக்கும் எல்லைக்கோடு அவற்றில் இல்லை, கோட்டை நீங்கள்தான் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

இனி, அந்த ஒரு மாலை வேலை. தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி எது ஆனில் வரும், எது ஆஃபில் வரும் என்பது மாறுகிறது. அதனால் எதையும் நம்பாமல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதே உத்தமம்.

மெனு 39, ரோஜர். பேசி முடித்ததும் "பீப்" என்று ஒரு ஒலியை அனுப்பும். ரிப்பீட்டர் இல்லாமல் நேருக்கு நேர் பேசும் சிம்ப்ளெக்ஸில் அதற்கு ஏதோ பயன் உண்டு என்று வாதிடலாம். ரிப்பீட்டரில் ஏற்கெனவே, ஒருவர் பேசி முடித்ததைக் காட்டும் அதன் சொந்த மரியாதை பீப் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு மணி அடிக்கும் கோயில் போல ஆகிவிடும். அணையுங்கள். மெனு 19, பிடிடி-ஐடி: அமுக்கும்போதோ விடும்போதோ டெலிபோன் டோன்களைச் சரசரவென்று அனுப்பும். பல ரிப்பீட்டர்கள் அதே வகை டோன்களில்தான் கட்டளை வாங்குகின்றன. இதையும் அணையுங்கள்.

மெனு 4, வாக்ஸ். குரல் கேட்டால் தானாக ஒலிபரப்பும் வசதி. ரிப்பீட்டரில் இதற்கு இடமே இல்லை. இருமல், கதவுச் சத்தம், டிவி எல்லாம் ஊருக்கே போகும்.

மெனு 9, நேரவரம்பு. 15 நொடிப் படிகளில் 600 வரை வைக்கலாம். ரிப்பீட்டர்களின் நேரவரம்பு பெரும்பாலும் 3 நிமிடத்தை ஒட்டியிருக்கும். நீங்கள் 120-இல் வையுங்கள். கருவி இருக்கைக்கு அடியில் சிக்கி பிடிடி அமுங்கிப்போனால், ரிப்பீட்டர் முடங்குவதற்கு முன் உங்கள் கருவியே ஓய்ந்துவிடும். அமுங்கிய பிடிடி ரிப்பீட்டருக்கு வரும் வியாதிகளில் மிகச் சாதாரணமானது. அதைச் செய்துகொண்டிருப்பவருக்கு மட்டும் அது தெரியாது, ஏனென்றால் ஒலிபரப்பும்போது அவர் கருவியால் கேட்க முடியாது.

மெனு 7, டிடிஆர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். திரையில் இரண்டு வரி தெரிவதால் இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கிறது என்று நினைத்துவிடுவார்கள். உள்ளே இருப்பது ஒரே ஒரு ரிசீவர். இரண்டுக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டே இருக்கும். நீங்கள் மேல்வரி ரிப்பீட்டரில் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, கீழ்வரியில் யாராவது வாய் திறந்தால் கருவி அங்கே தாவிவிடும். அந்தச் சில நொடிக்குள் பிடிடியை அமுக்கினால் உங்கள் பதில் போவது கீழ்வரிக்கு. அங்கே இருப்பவர்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. மேலே காத்திருப்பவரோ நீங்கள் பேச்சை முறித்துக்கொண்டு போய்விட்டீர்கள் என்று நினைப்பார். மெனு 34-இல் இதைக் கொஞ்சம் கட்டுப்படுத்தலாம். ரிப்பீட்டரில் பேசும்போது டிடிஆரை முழுதாக அணைப்பதே சுத்தம்.

மெனு 23, பிசிஎல். சேனல் பரபரப்பாக இருந்தால் ஒலிபரப்பைத் தடுக்கும். பெயரைக் கேட்டால் நாகரிகத்துக்கென்றே செய்தது போலிருக்கும், ரிப்பீட்டரிலோ இது எதிரி. எதிராளி பேசி முடித்தபின்னும் ரிப்பீட்டரின் கேரியர் (பேச்சில்லாத வெறும் அலை) சில நொடி நிற்கும். அந்த வால் இருக்கும்வரை கருவி "பரபரப்பு" என்று எண்ணி உங்களைப் பேச விடாது. வால் அறும்வரை காத்திருந்து பேசினால் ஒவ்வொரு முறையும் ரிப்பீட்டரை உறக்கத்திலிருந்து எழுப்பவேண்டும். அணைத்துவிட்டு, காதால் கேட்டு முடிவெடுங்கள். மெனு 35, 36, 37 மூன்றும் வாலொலியை அடக்கும் வேலை. ரிப்பீட்டருக்கு மூன்றையும் ஆஃபில் வைத்தால் குழப்பமில்லை.

மெனு 3, பேட்டரி சேமிப்பு. இது மற்றவர்களுக்குத் தொல்லை தராது, உங்களுக்குத் தரும். ரிசீவர் தூங்கித் தூங்கி எழுவதால் எதிராளியின் முதல் அசை விழுங்கப்படும். அவர் கால்சைனின் முதல் எழுத்தே போய்விட்டால் அப்புறம் "மறுபடி சொல்லுங்கள்" படலம்தான். 1800 மில்லி ஆம்பியர் பேட்டரி கேட்பதற்குத் தாராளமாகப் போதும், அணைத்தே வையுங்கள்.

மெனு 5, ஒலிபரப்பின் அகலம்: வைடா நேரோவா. ரிப்பீட்டர் 5 கிலோஹெர்ட்ஸ் விலகலுக்கு, அதாவது வைடுக்குக் கட்டப்பட்டதாக இருந்து நீங்கள் நேரோவில் இருந்தால், சிக்னல் சுத்தமாக இருக்கும், குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும். கேட்பவர் ஒலியைக் கூட்டுவார். அடுத்தவர் பேசும்போது ஸ்பீக்கர் அலறும். நேர்மாறாக, நேரோ ரிப்பீட்டரில் வைடாகப் பேசினால் குரல் உச்சங்களில் கிழியும், சத்தமாகச் சொல்லும் சொற்கள் அப்படியே அறுந்துபோகும். "சிக்னல் நல்லா இருக்கு, ஆடியோ குறைச்சல்" என்று யாராவது சொன்னால் முதலில் திறக்கவேண்டிய மெனு இதுதான். இந்தக் கருவியின் மைக் ஒலியே சற்று மந்தம் என்பதால் ஐந்து செ.மீ. தூரத்தில் வைத்து, நேராக ஊதாமல் குறுக்காகப் பேசுங்கள்.

மெனு 32, அலாரம். இடப்பக்கம் பிடிடிக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான். தட்டினால் எஃப்எம் ரேடியோ, சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் சைரன். மெனு 32-இல் டோன் என்றோ கோட் என்றோ இருந்தால் அந்தச் சைரன் கையில் மட்டும் அலறாது, சேனலிலும் ஒலிபரப்பாகும். பிடிடியைத் தேடும் கட்டைவிரல் ஒரு அங்குலம் மேலே போனால் ரிப்பீட்டர் முழுக்க அபாயச் சங்கு. சைட் என்பதில் வைத்தால் சத்தம் உங்களோடு நிற்கும். ரிப்பீட்டரில் பேச வரும் ஒரு கருவியில் இந்தப் பொத்தானை இந்த இடத்தில் வைத்தது மோசமான வடிவமைப்பு என்பதில் சந்தேகமே இல்லை.

கருவியைத் திருத்தியாகிவிட்டது, இனி அதைப் பிடித்திருப்பவர். பிடிடியை அமுக்கியதும் அரை நொடி பொறுத்துப் பேசத் தொடங்குங்கள். சப்-டோனை அடையாளம் காண ரிப்பீட்டருக்கு நேரம் வேண்டும்; பல ரிப்பீட்டர்கள் இணைக்கப்பட்ட அமைப்பாக இருந்தால் ஒரு நொடிக்கு மேலேயே வேண்டும். யூவி-5ஆரின் பிடிடிக்கு ஒரு சின்ன உள்ளாழம் உண்டு, பாதியில் அமுக்கியதை முழுதாக அமுக்கியதாக நினைத்துப் பேசத் தொடங்குபவர்கள் பலர். சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு வாய் திறந்தால் போதும்.

எதிராளி முடித்ததும் உடனே பாயவேண்டாம். மரியாதை பீப் வரும்வரை விடுங்கள். அந்த இடைவெளி இரண்டு காரியம் செய்கிறது. வேறு யாராவது உள்ளே வர நினைத்தால் அதுதான் அவருக்கு வாசல். பல ரிப்பீட்டர்களில் அந்த பீப் வந்தால்தான் நேரக்கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பும். பீப் வருமுன் ஒருவர் மாற்றி ஒருவர் தொடர்ந்து பிடித்துக்கொண்டே போனால், யாருமே நீளமாகப் பேசாமலேயே மூன்று நிமிடம் தீர்ந்து ரிப்பீட்டர் அடங்கிவிடும். பழி கடைசியில் பேசியவர் தலையில் விழும்.

நடுவில் நுழைய "பிரேக், பிரேக்" என்று கத்தவேண்டியதில்லை. இடைவெளியில் கால்சைனை ஒருமுறை சொல்லுங்கள், அழைப்பார்கள். பிரேக் என்ற சொல்லை அவசரத்துக்கு வைத்துக்கொள்வதே பல குழுக்களின் வழக்கம். அவசரம் என்று யாராவது சொன்னால் மற்ற எல்லோரும் கையை எடுத்துவிட வேண்டும், உதவ முடிந்தவர் மட்டும் பேசவேண்டும். ஹெச்எஃப்பில் (சிற்றலையில்) போல சிக்யூ சிக்யூ (யாராவது பேச வாருங்கள் என்ற பொது அழைப்பு) என்று நீட்டி முழக்குவதும் இங்கே பொருந்தாது. "கால்சைன், கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பதே அழைப்பு. எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை கால்சைன் சொல்லவேண்டும் என்பதை உங்கள் நாட்டு விதி வகுத்திருக்கும். அமெரிக்காவில் 10 நிமிடத்துக்கு ஒருமுறையும் பேச்சின் முடிவிலும். எங்கே இருந்தாலும் அந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்வதில் நஷ்டமில்லை.

"உங்கள் சிக்னல் 5-9" (தெளிவு 5, பலம் 9) என்பது ரிப்பீட்டரில் வெறும் உபசார வார்த்தை. உங்கள் திரையில் ஏறும் பட்டைகள் ரிப்பீட்டரின் பலத்தைக் காட்டுகின்றன, பேசுபவரின் பலத்தை அல்ல. யூவி-5ஆரின் பட்டையோ எதற்கெடுத்தாலும் முழுதாக நிரம்பிவிடும் சாதி. எதிராளிக்குப் பயன்படும் தகவல் இதுதான்: பின்னால் இரைச்சல் இருக்கிறதா, எழுத்துகள் விழுகின்றனவா, ஒலி போதுமா. "லேசான இரைச்சல், எல்லாம் புரிகிறது" என்றால் அவருக்கு உடனே விளங்கும்.

இந்த மலிவுப் பெட்டியில் உண்மையிலேயே பாராட்டவேண்டிய ஒரு வசதி, ஸ்டார் பொத்தானைச் சும்மா தட்டினால் வரும் ரிவர்ஸ். ரிப்பீட்டரின் உள்ளீட்டு அதிர்வெண்ணை நேரடியாகக் கேட்கலாம். எதிராளியின் குரல் ரிப்பீட்டர் இல்லாமலேயே உங்களுக்குத் தெளிவாக விழுந்தால், இருவரும் சிம்ப்ளெக்ஸுக்குப் போய்விடலாம், ரிப்பீட்டர் மற்றவர்களுக்குத் திறந்திருக்கும். இரண்டு தெரு தள்ளி இருப்பவரோடு அரை மணி நேரம் ரிப்பீட்டரைப் பிடித்துக்கொண்டிருப்பது விதியை மீறியதாகாது. ஆனாலும் எல்லோரும் கவனிப்பார்கள். கேட்டு முடிந்ததும் மறுபடி தட்டி ரிவர்ஸை எடுத்துவிட மறக்காதீர்கள். மறந்தால் அடுத்த பேச்சு ரிப்பீட்டரின் வெளியீட்டின் மேல் விழும்.

வேண்டுமென்றே இடைஞ்சல் செய்பவர்கள் எந்த ரிப்பீட்டருக்கும் வந்து தொலைவார்கள். பதில் சொல்லக்கூடாது, பெயர் சொல்லக்கூடாது, "யாரோ தொல்லை செய்கிறார்கள்" என்றுகூடச் சொல்லக்கூடாது. இங்கும் ரிவர்ஸ் கைகொடுக்கும்: உள்ளீட்டில் அந்தச் சிக்னல் உங்களுக்குக் கேட்கிறதா, எவ்வளவு பலமாக என்று குறித்துக்கொண்டு ரிப்பீட்டரைப் பராமரிப்பவரிடம் நேரில் சொல்லுங்கள், சேனலில் பேசவேண்டாம்.

குறைகளுக்கு வருவோம். அருகில் பலமான ஒலிபரப்பிகள் இருக்கும் இடத்தில் இதன் ரிசீவர் செவிடாகிவிடும். ரிப்பீட்டர் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருக்கும், உங்களுக்குக் கேட்காது. சேனல் காலி என்று நினைத்து மற்றவர் பேச்சின் மேலேயே ஏறுவீர்கள். இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் எஃப்எம்மில் பலமானவர் மட்டும் கேட்பார், அல்லது இருவரும் சேர்ந்து ஒரு கீச்சொலி. ஸ்க்வெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் வசதி) எண் 1-க்கும் 9-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாத பெட்டிகளும் உண்டு. சந்தேகம் வந்தால் பிடிடிக்குக் கீழே உள்ள மோனி பொத்தானை அமுக்கிப் பிடித்துப் பச்சையாகக் கேட்டுவிட்டுப் பேசுவது பாதுகாப்பு. ஹார்மோனிக் கசிவு (அனுப்பும் அதிர்வெண்ணின் மடங்குகளில் கசியும் அலை) பெட்டிக்குப் பெட்டி மாறுகிறது. அளவிடும் கருவி வைத்திருக்கும் சங்கத்தில் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. நெட் (ஒருவர் நெறிப்படுத்தும் கூட்டுப் பேச்சு) நடத்துபவருக்கு இதைச் சிபாரிசு செய்யமாட்டோம். பலவீனமான நிலையங்களைப் பொறுக்கியெடுக்கும் காது அந்த வேலைக்கு வேண்டும். நெட்டில் கலந்துகொள்பவருக்கு இது போதும்: கட்டுப்பாட்டு நிலையம் கேட்கும்போது கால்சைனைச் சொல்லிவிட்டு, அழைக்கும்வரை சும்மா இருந்தால் ஆயிற்று.

கூடவே வரும் குட்டை ரப்பர் ஆன்டெனா சுமார்தான். ரிப்பீட்டர் தொலைவில் இருந்து உங்கள் குரல் அறுந்து அறுந்து போனால், 4, 5 வாட்டுக்கு மேல் தேடிப் போகுமுன் 49 செ.மீ. கம்பி ஒன்றை ஆன்டெனா அடியில் உள்ள உலோக வளையத்தோடு இணைத்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். 2 மீட்டரில் வித்தியாசம் காதுக்கே தெரியும். அதுவும் முடியாவிட்டால் அரை மீட்டர் நகர்ந்து நில்லுங்கள். அலை இறந்துபோகும் புள்ளியில் நின்றிருக்கலாம். பேசும்போது நடக்காதீர்கள். கருவியை இடுப்பில் செருகிக்கொண்டு பேசினால் உடம்பே பாதியை விழுங்கிவிடும், தலைக்கு மேலே ஆன்டெனா நிமிர்ந்து நிற்கட்டும். மாறாக, ரிப்பீட்டர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ஹாஷ் பொத்தானைத் தட்டி 1 வாட்டுக்கு இறங்குங்கள். பேட்டரியும் மிச்சம், கையும் சுடாது.

எல்லாம் சரிசெய்த பிறகு மெனு 40, ரீசெட் பக்கம் போகாதீர்கள். ஆல் என்று கொடுத்தால் சேனல்கள் அழிவதோடு கருவி சீன மொழியில் பேச ஆரம்பித்துவிடும். மெனு 14-இல் திருத்தலாம், மாலை முழுக்கச் செய்த வேலைதான் திரும்ப வராது. சிர்ப்பில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஹாஷ் பொத்தானை இரண்டு நொடி பிடித்தால் விசைப்பலகை பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டு பக்கவாட்டுப் பொத்தான்களைக் கட்டுப்படுத்தாது. பையில் போடும்போது பிடிடியும் அந்த ஆரஞ்சுப் பொத்தானும் விழித்தேதான் இருக்கும். பையில் போகிற கருவியின் குமிழைத் திருகி அணைத்துவிட்டுப் போடுங்கள்.